மதகுக்காரனின் மீசை

ஏழு கடல் தாண்டி எங்கோ ஒரு குளிர்ந்த கட்டடத்தின் நான்காம் மாடியில், மண்ணைச் சலித்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு அதன் பிறப்பு வளர்ப்பை விசாரித்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் மகளுக்கு, ஆறு வயதில் என் தோளில் ஏறியவள் இன்னும் இறங்கவில்லை என்ற உரிமையில் சித்தப்பா எழுதுவது.

இங்கு இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், உன் சித்தியின் இடது முழங்கால் மட்டும் அந்த வரியில் கையெழுத்துப் போட மறுக்கிறது. அவள் படியேறும்போது அது போடுகிற சத்தத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் இரண்டு முறை வெளியே ஓடி வந்து கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், அவள் டாக்டரையே மாற்றிவிட்டாள். சமையலறைக் குழாய் ஒழுகியது, ஆள் எதற்கு என்று நானே சரிசெய்தேன், அன்றிலிருந்து குளியலறைக் குழாயும் ஒழுகுகிறது. உன் அறை ஜன்னலைத் தினமும் திறந்து வைக்கிறோம், உன் மேசை மேல் ஒரு புறா குடித்தனம் வந்திருக்கிறது, வாடகை எதுவும் தரவில்லை, நாள் பூராவும் குறை மட்டும் சொல்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று சித்தி கேட்கச் சொன்னாள். போனில்தான் தினமும் கேட்கிறாயே என்றேன், எழுத்தில் கேட்டால் பொய் சொல்ல வராது என்கிறாள்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. நீ என்னோடு பேசி நாலு மாதமும் ஒன்பது நாளும் ஆகிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பால் சட்டியைப் பார்த்த பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். "சித்தப்பா நல்லாருக்காரா?" என்று நீ கேட்பதும், "இருக்கார், இருக்கார், எங்க போவார்" என்று இவள் சொல்வதும் என் காதில் நன்றாகவே விழுகின்றன. மூன்று உலகத்துக் கழிவுநீருக்கும் ஏகச் சக்கரவர்த்தியான என்னைப் பற்றிய செய்தி இரண்டு வார்த்தையில் முடிந்துபோகிறது. அதனால்தான் கடிதம். கடிதம் என்றால் சித்தியிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட முடியாது பார்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி கேட்டாய். "மழை பெய்ற அன்னிக்கு ஃபேக்டரியில நீங்க என்ன பண்ணுவீங்க சித்தப்பா?" நான் "குடை பிடிப்பேன்" என்றேன். சித்தி சிரித்தாள், நானும் என் ஜோக்குக்கு நானே மேசையைத் தட்டிச் சிரித்தேன், நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எங்கள் பெயின்ட் தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடைக்கரையில் நீ ஜாம் பாட்டிலில் மண் அள்ளியதை அன்று காலையில்தான் கழிவுநீர்ப் பிரிவு ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன், ஆகவே கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். பெயின்ட் டிரம் கழுவிய தண்ணீர் முழுக்க என் தொட்டிக்கு வருகிறது, அதைத் தெளியவைத்து மருந்து போட்டு விட வேண்டும், தெளியாத சேற்றுத் தண்ணீரை டேங்கர் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும், இது சட்டம். மழை பிடித்தால் மேனேஜர் போன் பண்ணி, "மழையோட மழையா விட்டுடுங்க, யாரு பாக்கப்போறா" என்பார். நான் போய்ப் பின்பக்க வால்வின் சக்கரத்தைத் திருப்புவேன், தொட்டி ஓடையில் கலக்கும், ஓடை ஏரிக்குப் போகும். இதுதான் உன் கேள்விக்குப் பதில். நாலு மாதம் தாமதமாகச் சொல்கிறேன், அதற்குள் நடந்ததையும் கேள்.

மறுநாள் கிளம்பும்போது நீ கட்டிலடியில் இருந்த அட்டைப் பெட்டியைக் காலால் தள்ளி, "முடிஞ்சா இதைப் படிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனால் மனுஷன் என்ன செய்வான்? இரண்டு மாதம் பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போனேன். மூன்றாம் மாதம் திறந்தேன். ஒன்பது புத்தகம், எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம், மாங்கா என்று பெயராம், வெளிநாட்டுப் படக்கதை. உன் சித்தி வாசலில் நின்று, "மாங்கா மடையன்னு சும்மாவா சொன்னாங்க, அறுபதை நெருங்குற வயசுல பொம்மை பாக்குறதைப் பாரு" என்றாள். நான் அதைக் காதில் வாங்காமல், அகில உலக வாசகர் பேரவைத் தலைவன் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து, மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, நாம் எல்லாப் புத்தகத்தையும் திறப்பது போலவே திறந்தேன்.

முதல் பக்கத்தில் பெரிதாக ஒரு அம்புக்குறியும் கொட்டை எழுத்தில் ஏதோ எச்சரிக்கையும் இருந்தன. புகை பிடிக்காதே வகையறா போல என்று தாண்டிவிட்டேன். ஒன்பது புத்தகத்திலும் அது இருந்தது, ஒன்பது முறையும் தாண்டினேன். புத்தகங்களின் முதுகில் ஒன்பது, எட்டு, ஏழு என்று எண் இறங்கிக்கொண்டே போனது, ராக்கெட் விடுகிற மாதிரி ஏதோ பெரிசாக வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன். பேச்சுக் குமிழிக்குள் இருந்த எழுத்து என் கண்ணாடிக்கு எறும்புக் கூட்டமாகத் தெரிந்ததால் அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். அடடா, என்ன கதை! செத்த ஏரியில் ஆரம்பிக்கிறது. தார் மாதிரி சேறு, ஒரு மீன் இல்லை, மீசையும் தொப்பையுமாக ஒரு ஆள் கையில் ஒரே ஒரு வாளியோடு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை. கடலளவு சேற்றுக்கு ஒரு வாளியா, பைத்தியக்காரன் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் பார், பக்கம் புரளப் புரள உலகம் பிழைத்துக்கொண்டே வருகிறது. தகரத் தொப்பிப் படையும் தோல் தொப்பிப் படையும் செத்துக் கிடக்கின்றன, அடுத்த பக்கத்தில் நெஞ்சில் அம்போடு எழுந்து நிற்கிறார்கள், அதற்கடுத்த பக்கத்தில் அம்பு வில்லுக்கே போய்விடுகிறது. மலை மாதிரி ஒரு ஆமை, அதன் முதுகில் வெறும் வெட்டுக்கட்டைகள், கோடரிக்காரர்கள் வரிசையாக வந்து தொட்டதும் மரம் மரமாக முளைத்து முதுகெல்லாம் காடாகிறது. நாரை மேல் பறந்து திரியும் ஒரு பெண் நாளுக்கு நாள் சின்னவளாகி, காயங்கள் மறைந்து, கடைசியில் நீ எங்களிடம் வந்தபோது இருந்த உயரத்துக்கு வந்து, ததும்பி நிற்கிற ஏரியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு யுத்தக் கதை இப்படி முடிந்து நான் பார்த்ததில்லை. அன்று என் கண்ணிலிருந்து வந்த தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் இந்தத் தெருவுக்கு ஒரு வாரம் குழாயே திறக்க வேண்டியிருந்திருக்காது.

அதில் என் நெஞ்சை அள்ளியவன் அந்த மீசைக்காரன்தான். நடுப்புத்தகத்தில் மறுபடி வருகிறான், ஒரு பெரிய மதகுக்குக் காவல்காரன். மதகிலிருந்து கறுப்பு விஷம் ஏரிக்குள் பாய்கிறது. அடுத்த படத்தில் இவன் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்திருக்கிறான். அடுத்ததில் மதகு மூடியிருக்கிறது. ஏரியை நிதானமாகப் பார்க்கிறான். பிறகு ஒரு தளபதி அவன் காதருகே குனிந்து ஏதோ பாராட்டுகிறான். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சிரித்துச் சாப்பிடுகிறான். ராஜாக்களும் படைகளும் செய்யாததை ஒரு சக்கரக்காரன் செய்துவிட்டான்! மீசை என் மீசை, தொப்பை என் தொப்பை, வேலையும் ஏறக்குறைய என் வேலை. அண்ணன் மகள் மறைமுகமாக என்னைக் கௌரவித்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் தொழிற்சாலை கேன்டீனில் தினமும் ஒரு புத்தகம் வீதம் கதாகாலட்சேபம் நடத்தினேன். டிரம் கழுவுகிற நெட்டையனும் அவன் கூட்டாளி வெல்டரும் டீ ஆறுவது தெரியாமல் கேட்பார்கள். மதகை மூடுகிற கட்டத்தை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கினார்கள். எனக்கு மதகுக்காரர் என்றே பட்டம் கொடுத்துவிட்டார்கள், நானும் மீசையை இரண்டு விரற்கடை அதிகம் முறுக்கிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் பரிசோதனைக்கூடத்து அம்மாள் வந்து உட்கார்ந்தாள், தொட்டித் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் சோதித்து எண் எழுதுகிறவள், உனக்குத் தெரியும், உனக்கு ஒருமுறை லிட்மஸ் தாள் கொடுத்தாளே. என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயிலிருந்த டீயைத் துப்பாமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். "அண்ணே, என் பையன்கிட்ட இதெல்லாம் இருக்கு. இதை அந்தப் பக்கத்துலேர்ந்து திறக்கணும். அவங்க ஊருப் புத்தகம் வலமிருந்து இடமாத்தான் போகும். அதான் முதல் பக்கத்திலேயே 'நில்லுங்க, தப்பான பக்கம் திறந்துட்டீங்க'ன்னு போட்டிருக்கே!" கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. பாத்திரம் கழுவுகிற அம்மாள்கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பின்னே அழவா முடியும்? ஆனால் நெட்டையன் மட்டும் சிரிக்காமல், "அப்போ அந்த மதகு?" என்று கேட்டான். நான் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன்.

பரிசோதனைக்கூடத்து அம்மாள் அங்கிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை, சரியான பக்கத்திலிருந்து, எழுத்தையும் விடாமல் படித்தேன், பன்னிரண்டு நாள் ஆனது. அதே படங்கள்தான் கண்ணு, ஒன்றுகூட மாறவில்லை. ததும்புகிற ஏரியில் காலை விட்டிருந்த குழந்தை வளர்கிறாள். ஆமையின் முதுகுக் காடு அம்புக்காக வெட்டப்படுகிறது. பிள்ளைகளோடு சிரித்துச் சாப்பிட்ட மீசைக்காரனை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். தளபதி காதருகே குனிந்து பாராட்டவில்லை, உத்தரவு போடுகிறான். மீசைக்காரன் ஏரியைப் பார்க்கிறான், நான் நிதானம் என்று நினைத்த பார்வை அது. தலைக்கு மேல் மேகம் மாதிரி ஒரு குமிழி, நினைப்பதை எழுதுகிற குமிழியாம், அதற்குள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். "நான் திறக்காவிட்டால் இன்னொருவன் திறப்பான்." அப்புறம் இரண்டு கையாலும் சக்கரத்தைத் திருப்புகிறான். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். பதினோரு வருஷமாக மழை நாளில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட வாக்கியம் அது, எழுத்துக்கூட மாறாமல். உன் சித்தியிடம்கூடச் சொன்னதில்லை, அந்த ஊர்க்காரனுக்கு எப்படித் தெரிந்தது? சித்தி வந்து பார்த்து, "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். "இல்லை, இந்தத் தடவை எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்க" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

போன செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, மேகத்துக்கே அடியில் ஓட்டை விழுந்த மழை. காலை பத்தரைக்கு மேனேஜர் போன். "என்ன பெரியவரே, வானம் நமக்குச் சாதகமா இருக்கே." நான் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறக்கத்தான் போனேன். கையும் சக்கரத்தில்தான் இருந்தது. அன்று தொட்டியில் பச்சை, முந்தின நாள் முழுக்கப் பச்சை டிரம் கழுவியிருந்தார்கள். ஓடைக்கரையில் நீ குந்தி உட்கார்ந்து மண் அள்ளிய இடத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது. திருப்புகிற கை திருப்பவில்லை. சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கிற நட்டைக் கழற்றினேன், சக்கரம் கையோடு வந்துவிட்டது, நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய், தொட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டேன். அவள் பையைப் பார்த்தாள், கணக்குப் போட்டாள். "டிரம் கழுவுறதை நிறுத்தினா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்ணே." அப்புறம் மெதுவாக, "மழை நாள்ல நான் காலையிலயே ஓடைத் தண்ணியில சாம்பிள் எடுத்துடுவேன், நீங்க திறக்கிறதுக்கு முன்னாடி, எண் சுத்தமா வரணும்ல" என்றாள். இத்தனை வருஷமாக அந்த அம்மாளும் தன் பங்குக்கு ஒரு சக்கரத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அன்று மணிக்கொரு தடவை நனைந்துகொண்டே போய்த் தொட்டியின் மட்டத்தை அளந்து எழுதினாள்.

பதினொன்றரைக்கு மேனேஜர் குடையோடு வந்து மொட்டை அச்சைப் பார்த்து நின்றார். அவர் முகத்தில் அன்று பார்த்த நிறத்தை நம் தொழிற்சாலை இன்னும் தயாரிக்கவில்லை. நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கோட்டையைக் காக்கிற மாவீரன் மாதிரி நின்றேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் தொட்டிச் சுவருக்குப் பின்னால் பாதி ஒளிந்துதான் நின்றேன். "பைப் ரெஞ்சு எடுத்துட்டு வாங்கடா, அச்சைப் பிடிச்சுத் திருப்பலாம்" என்று கத்தினார். நான் அதை யோசிக்கவே இல்லை கண்ணு. ஒரு ரெஞ்சு போதும், முடிந்தது கதை. நான் இல்லாவிட்டால் இன்னொருவன் என்பது இவ்வளவு சுலபம். நெட்டையனும் வெல்டரும் கூரைக்கடியில் நின்றார்கள். நெட்டையன் என் மீசையைப் பார்த்தான், அச்சைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான். "ரெஞ்சை எங்க வெச்சேன்னு தெரியலயே சார்" என்றான். ரெஞ்சு அவன் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. வெல்டர் அந்த ரெஞ்சைப் பார்த்துக்கொண்டே, "நானும் தேடிப் பாக்குறேன் சார்" என்று சொல்லி அங்கேயே நின்றான். பன்னிரண்டு மணிக்கு மேனேஜரே டிரம் கழுவுவதை நிறுத்தச் சொல்லி டேங்கருக்குப் போன் பண்ணினார், நாலு மணிக்கு லாரி வந்தது.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று நோட்டீஸ், அடுத்த வியாழக்கிழமை விசாரணை. வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம், நெட்டையனுக்கும் வெல்டருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்பதுதான் என் கவலை. பரிசோதனைக்கூடத்து அம்மாள் தன் பழைய நோட்டுகளோடு வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் அழைக்கவில்லை. உன் சித்தி அன்று என் பையில் சக்கரத்தைப் பார்த்தாள். கத்துவாள் என்று காதைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "எண்ணெய் போட்டுத் துடைச்சு வைங்க, துருப்பிடிச்சா அதுக்கும் ஒரு நோட்டீஸ் குடுப்பான்" என்றாள். துடைத்து உன் மேசை மேல் வைத்திருக்கிறேன், புறா அதன் நடுவில் முட்டை போட்டிருக்கிறது, ஆகவே வியாழக்கிழமை வரை அதை யாரும் எடுக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு என்னைப் பாராட்டி எழுதாதே. ஒரு மழையைத்தான் நிறுத்தினேன், அதற்கு முந்தைய பதினோரு வருஷ மழையும் ஏரியில்தான் கிடக்கிறது. வியாழக்கிழமை அதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். கடைசிப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்பதை நான் மிகவும் விரும்பினேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, இன்னும் விரும்புகிறேன். ஆனால் சரியான பக்கத்திலிருந்து படித்தால் கடைசிப் பக்கத்தில் அந்த ஆள் வாளியோடு நிற்கிறான், பின்னால் வரிசை நிற்கிறது. அவனை ஒருவரும் மன்னித்ததாக எழுதியிருக்கவில்லை, உருப்பெருக்கி வைத்தே தேடினேன். வாளியைக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஜாம் பாட்டில் மண்ணில் என்ன இருந்தது என்று எனக்கு எழுது. எண்ணாகவே எழுது, ஜோக்கடிக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், உன் கைபட்ட மண்ணெல்லாம் பச்சை பிடிக்கட்டும், உன் ஆயுசு அந்த ஆமையின் ஆயுசாக இருக்கட்டும். சித்தியின் ஆசீர்வாதம் தனியாக இருக்கிறது, முழங்கால் வலியோடு சேர்த்து அனுப்பச் சொன்னாள். மறப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், ஒன்பது புத்தகத்தையும் வரிசை மாற்றி, ஒன்று மேலே இருக்கும்படி அடுக்கி வைத்திருக்கிறேன். உனக்குப் பிறகு யார் எடுத்தாலும் சரியாக எடுப்பார்கள்.

இங்கே வானம் மறுபடியும் கறுக்கிறது. மழை நாளில் சித்தப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாயே, போனில் இன்னொரு தடவை கேள். என்னிடமே கேள்.

உன் குரலுக்காக ஒரு சாண் தூரத்தில் காத்திருக்கும்,
சித்தப்பா